முணுமுணுத்தால் போதும்

சுர்மேளா கேசட் கடை மாட்டுங்காவில் ஒன்றாகத் தொடங்கி, சிடி காலத்தில் பம்பாய் முழுக்க ஒன்பதாகி, போனிலேயே பாட்டு வந்தபின் ஒவ்வொன்றாக மூடப்பட்டது. முதல் கடையில் சுயம்பு அண்ணாச்சி பாட்டெடுத்துக் கொடுப்பார், நான் பில் போடுவேன். பெயர் தெரியாத பாட்டென்றால் அவர் முன்னால் மெட்டை முணுமுணுத்தால் போதும். எந்த மொழியானாலும் அவர் கை நேராக அந்தக் கேசட்டுக்குப் போகும்.

பக்கவாதத்தில் அண்ணாச்சிக்குப் பேச்சு போய்விட்டதென்று கேள்விப்பட்டு, போன வாரம் கோபர்கைரனேயில் அவர் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் ஒரு மெட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார்.

"நாலு நாளா இதையேதான் பாடுதாரு அத்தே. என்ன பாட்டுன்னு போன்ல கேக்க வச்சுத் தேடினா ஒண்ணும் வர மாட்டேங்குது," என்று மகள் கலைச்செல்வி போனை அவர் வாயருகே நீட்டினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மொதல்ல அந்தப் போனைத் தூரப் போடு!"

எப்படி வரும்? அது எங்கள் முதலாளி ஹார்மோனியத்தில் வாசித்துப் பதிந்தது. ஷட்டரை இறக்குமுன், கடை மூடப்போகிறது என்று சொல்ல ஒன்பது கடைகளிலும் தினமும் அதைத்தான் போடுவோம்.

"ஒங்களுக்குத் தெரியுமா அத்தே?"

"தெரியலம்மா," என்றேன்.