வீடு என் பேரில்

கழுத்தில் கட்டியோடு போன மனிதரைப் பார்த்து "வெத்திலையை விடுங்க" என்றால் கோபம் வருமா, வராதா? என் கணவர் வாழ்நாளில் வெற்றிலை போட்டதில்லை. கலியாண வீட்டில் தட்டை நீட்டினால் தொட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவார். சுருட்டும் இல்லை. ஆனால் எங்கள் வாகரைப் பக்கம் வாயில், தொண்டையில் எது வந்தாலும் பழி வெற்றிலைக்குத்தான். ஊர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தவர் வாயைத் திறக்கக்கூடச் சொல்லவில்லை. "அவர் போடுறல்ல" என்றேன். "எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுற" என்றார். அந்த அலட்சியத்தை நம்பி மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினோம். கட்டி வளர்ந்துகொண்டே போனது.

சண்டை முடிந்து பாதை திறந்த பிறகுதான் கொழும்புக்குப் போக முடிந்தது. சிங்களம் தெரியும் என்று என் அண்ணன் துணைக்கு வந்தார். அங்கே தொண்டைச் சதையில் ஒரு துண்டு வெட்டிச் சோதித்தார்கள். புற்றுநோய். அதற்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். தமிழ் தெரிந்த ஒரு பெண் டொக்டர் எங்கள் மூன்று பேரையும் இருத்தி விளங்கப்படுத்தினார்.

"இது உடலுறவில பரவுற வைரஸ். வாய்க்கும் வரும். கனபேருக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சிலருக்கு மட்டும் வருசக்கணக்காத் தங்கி இப்பிடி ஆக்கும்."

"முதலே சோதிச்சிருந்தாக் கண்டுபிடிச்சிருக்கலாமா?" என்று கேட்டேன்.

"வாயில முன்கூட்டியே பார்க்கிறதுக்கெண்டு சரியான சோதனை இல்லை. எப்ப வந்தது, ஆரிட்ட இருந்து வந்ததெண்டும் சொல்லேலாது. உங்களிட்ட இருந்தும் வந்திருக்கலாம். நீங்களும் கர்ப்பப்பை வாசலைச் சோதிச்சுப் பாருங்க. இவருக்கு இப்பவே கதிர்ச் சிகிச்சை குடுத்தால் நல்லாச் சுகமாகும். தங்குறதுக்கு உடுப்போட வாங்க, பிந்தக்கூடாது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் வாய் திறக்கவில்லை. ஊரில் இறங்கியதும் திறந்தார். அடுத்த நாள் மீன் வாங்கப் போன இடத்தில் பெண்கள் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள்.

எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வீடு பெண்ணுடையது. அம்மா தந்த வீட்டைச் சுனாமி கொண்டுபோனது; கொஞ்சக் காலம் முகாமில் இருந்தோம். புது வீடு கட்டித் தந்தவர்கள் கணவர் பேரை எழுதப் பார்த்தபோது, சண்டை பிடித்து என் பேரில் எழுதவைத்தேன். இப்போது அண்ணன் அதே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, "முகாமில இருந்த காலத்தில ஆரோட போனானெண்டு கேளு. வீடு உன்ட. வெளிய போகச் சொல்லு" என்றார்.

உள்ளே என் கணவர் சாரனையும் சட்டையையும் பையில் அடைத்துக்கொண்டிருந்தார். தன் தாய் வீட்டுக்குப் போகப் போகிறாராம். போனால் கொழும்புக்குக் கூட்டிப் போக அங்கே ஒருவரும் இல்லை. மானத்துக்குப் பயந்து சாகப் போகிற மனிதர் மீதும் எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அவர் இன்னொருத்தியோடு போனாரா இல்லையா, எனக்குத் தெரியாது. தெரியவேண்டுமென்றால் நான் கேட்பேன். ஊர் கேட்கத் தேவையில்லை.

"டொக்டர் சொன்னதில பாதியத்தானே கேட்டிருக்கிறாய்? என்னிட்ட இருந்தும் வந்திருக்கலாமெண்டும் சொன்னவ. அப்ப என்னையும் வெளிய போகச் சொல்லு பாப்பம்!"

அண்ணன் தலையைக் குனிந்தார். "பொம்பிளை பேசுற பேச்சா இது?"

"வீடு என்ட பேரில. ஆர் இருக்கிற, ஆர் போற எண்டு நான் சொல்லுவன். நீ எழும்பு."

அண்ணனை நான் அதற்கு முன் ஒருமையில் பேசியதே இல்லை. எழும்பிப் போனார்.

என் கணவர் பையும் கையுமாக வாசலில் நின்றார். பிறகு குனிந்து அதன் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

"அவிழ்க்க வேணாம்," என்றேன். "விடிய கொழும்பு பஸ்ஸுக்கு அதையே கொண்டு போவம்."