மூன்று உழவுச் சால்கள்

கடவுள்மீது ஆணையிட்டுச் சத்தியம் செய்ய மனமில்லாத எவரும், அதற்குப் பதிலாக "உண்மையாகக் கூறுகிறேன்" என்று சொன்னால் போதும். இரண்டுக்கும் ஒரே வலு. இது இந்த ஆங்கிலேயர் நாட்டின் சட்டம். குவேக்கர்கள் என்ற சிறு கிறிஸ்தவக் கூட்டத்தினர் சத்தியம் செய்ய மறுத்து மறுத்துச் சிறைகளை நிரப்ப, அரசாங்கம் களைத்துப்போய்க் கொடுத்த சலுகை அது. கொடுத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. செய்தி மட்டும் சட்டன் என்ற ஊரிலுள்ள ஒரு சட்டத்தரணி அலுவலகத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

அந்த அலுவலகம் தயாரித்த சத்தியக் கடதாசியை ஓர் ஏப்ரல் பிற்பகலில் என் முன்னால் வைத்தவர் எண்பத்தாறு வயதான பெண் விவசாயி. குவேக்கர் குடும்பம். அந்தப் பண்ணையில் ஆறாவது தலைமுறை. கடைசித் தலைமுறையும் அவர்தான். முதல் வரியிலிருந்த "சத்தியம் செய்து சொல்கிறேன்" என்ற சொற்களை அடிமட்டம் வைத்து, மைப்பேனாவால் நேராக வெட்டியிருந்தார். அலுவலகம் அதைத் திருப்பி அனுப்பியிருந்தது. கூடவே ஒரு புதுப் பிரதி. இம்முறை வெட்ட வேண்டாம், இது வெறும் சம்பிரதாயம் என்று ஒரு குறிப்பு.

"சம்பிரதாயம் என்றால் ஏன் கடவுளைக் கூப்பிடுகிறார்கள்?" என்று என்னைக் கேட்டார். முப்பத்தொரு வருடம் கவுன்சிலின் காணித் தகவல் பிரிவில் வேலை செய்தவள் நான். பழக்கத்தில் அந்தப் புதுப் பிரதியைத் திருப்பி, படிவ எண்ணைத் தேடினேன்.

அவரிடம் என்னைக் கொண்டுபோய் விட்டவன் என் தம்பி. பக்கத்திலுள்ள மிச்சம் என்ற ஊரில் கடை வைத்திருக்கிறான். சட்டனுக்குத் தெற்கே, வீடுகள் முடிந்து சுண்ணாம்பு மண் தொடங்கும் இடத்தில் அந்தப் பண்ணை. அதன் கீழ்வயலைத் துண்டு துண்டாகப் பிரித்து இருபது தமிழ்க் குடும்பங்கள் வருடக் குத்தகைக்கு எடுத்திருக்கின்றன. பூசணி, போஞ்சி, வெந்தயக் கீரை, பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் மிளகாய். தம்பிக்கு அங்கே இரண்டு துண்டு. கடையில் காணாத மனிதனை அங்கே காணலாம். வியாபாரத்தில் பேசுவதைவிட மிளகாய்க் கன்றுகளோடு மரியாதையாகப் பேசுவான். பழைய கடதாசி வாசிக்கத் தெரிந்தவர் யாரும் உண்டா என்று அந்த அம்மா கேட்டபோது, "என்ரை அக்கா வேறை ஒண்டும் வாசிக்கிறதில்லை" என்று சொல்லியிருக்கிறான்.

விடயம் இதுதான். அந்தப் பண்ணை ஒருபோதும் விற்கப்பட்டதில்லை. தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு என்று வந்ததால், அரசின் காணிப் பதிவேட்டில் ஏறவே இல்லை. கீழ்வயலை இருபத்தைந்து வருடத்துக்கு நம் ஆட்களுக்கே குத்தகைக்கு எழுதிவிட அவர் விரும்பினார். அதற்கு முதலில் காணியைப் பதிய வேண்டும். அவருக்குப் பிள்ளைகள் இல்லை; அவருக்குப் பிறகு எல்லாம் கனடாவிலிருக்கும் மருமகனுக்கு, சகோதரனின் மகனுக்கு, போகும். அந்த மருமகன் கிறிஸ்மஸ் வாழ்த்து மடலிலேயே காணியின் இன்றைய பெறுமதியை விசாரித்திருந்தார். பக்கத்து வயலை ஒரு கட்டட நிறுவனம் ஏற்கெனவே வாங்கிவிட்டது. அவர் உயிரோடிருக்கும்போதே பதிவு முடிந்தால் பூசணி. இல்லாவிட்டால் வீடுகள்.

கீழ்வயலின் காணி உறுதி, அதாவது அதை வாங்கிய பத்திரம், மட்டும் இல்லை. பண்ணையோடு பூட்டன் பிறகு வாங்கிச் சேர்த்த வயல் அது. பாட்டன் அந்த உறுதியைப் பாதுகாப்புக்காக நகரத்திலிருந்த ஒரு சட்டத்தரணியிடம் கொடுத்தாராம். உலகப் போரில் விழுந்த குண்டு, பாதுகாப்பையும் சட்டத்தரணியின் கட்டடத்தையும் சேர்த்து எரித்துவிட்டது. மற்றக் கடதாசிகள் எல்லாம் குசினியில், ரொட்டி வைக்கும் ஒரு பெரிய எனாமல் பாண் பெட்டிக்குள் இருந்தன. உறுதிகள், விதை வாங்கிய ரசீதுகள், செம்மறிகளின் கணக்கு, கடிதங்கள். எந்தக் கடதாசி வீட்டுக்குள் வந்தாலும் அதன் மூலையில் வந்த திகதியை எழுதுவது குடும்ப வழக்கம். மாதங்களுக்குப் பெயர் கிடையாது. அவை ரோமாபுரித் தெய்வங்களின் பெயர்களாம்; முதலாம் மாதம், இரண்டாம் மாதம் என்று எண்தான். ஆறு தலைமுறையாக ஒருவர்கூட இதை மறக்கவில்லை. என் பிரிவில் திகதி முத்திரை குத்துவதற்கென்றே சம்பளம் வாங்கியவர்கள் வாரத்தில் இரண்டு நாள் மறப்பார்கள்.

முதல் நாளே கடதாசிகளை இரண்டாகப் பிரித்தேன். முத்திரையும் அரக்கும் உள்ளவை ஒரு பக்கம். மற்றவை "தேவையற்றவை". அந்தக் குவியலுக்கு நானே ஒரு துண்டில் தலைப்பெழுதி வைத்தேன்.

சத்தியப் பிரச்சினை ஒரு கடிதத்தோடு தீர்ந்தது. சட்டத்தின் பெயரையும் பிரிவின் எண்ணையும் எழுதி, என் பழைய பதவியையும் கீழே போட்டேன். ஓய்வுபெற்றதைக் குறிப்பிட மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் அலுவலகம் இறங்கி வந்தது. வாக்குமூலத்தை நாங்களே எழுதி அனுப்பலாம் என்றார்கள்.

நான் எழுதினேன். நல்ல வாக்குமூலம். நான்காம் பந்தியில், இந்தத் துறையில் இருந்த எவரும் தூக்கத்திலும் எழுதக்கூடிய வாக்கியம்: கீழ்வயலின் எல்லை குறித்து எக்காலத்திலும் எவரும் ஆட்சேபம் தெரிவித்ததில்லை.

அவர் அதுவரை வாசித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

அது உண்மையில்லை என்றார். அவருடைய பாட்டன் வேலியைத் தாண்டிப் பக்கத்துக்காரரின் நிலத்தில் மூன்று சால் உழுதுவிட்டார். பக்கத்துக்காரர் ஆட்சேபித்தார். விடயம் குவேக்கர் கூட்டத்துக்குப் போனது. அந்த அம்மா பிறப்பதற்கு முன் நடந்தது. ஆனாலும் அந்த வேலியைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் தகப்பன் சொல்லிக் காட்டுவாராம்.

எங்கள் அலுவலகத்தின் தலையாய விதியை அவருக்கு விளக்கினேன்: கேட்டதற்கு மட்டும் பதில். இதை யாரும் கேட்கவில்லை. அறிந்தவர்கள் ஒருவரும் உயிரோடில்லை. பக்கத்து வயல் இப்போது ஒரு நிறுவனத்தின் கையில். எல்லையில் ஒரு காலத்தில் தகராறு இருந்தது என்று நாமே எழுதிக் கொடுத்தால் அவர்களுடைய வழக்கறிஞர்கள் எங்களுக்கு மாலை போடுவார்கள். வாக்கியம் பிடிக்காவிட்டால் வாக்கியத்தையே எடுத்துவிடலாம்.

"எடுத்தால், இல்லை என்று அவர்கள் நினைப்பார்கள். இருந்தது என்று எனக்குத் தெரியுமே," என்றார். குரலில் கண்டிப்பு எதுவும் இல்லை. பிறகு தேநீருக்குப் பால் எடுக்க எழுந்து போனார்.

எனக்குக் கோபம் வந்தது. அதன் காரணம் வீடு திரும்பும் பேருந்தில்தான் விளங்கியது. இந்த நாட்டுக்கு நான் வந்த கடவுச்சீட்டில், பயண முகவர் ஏதோ வசதிக்காக என் வயதில் பதினொரு மாதத்தைக் குறைத்திருந்தார். அதைத் திருத்தப் போனால் வேறு கேள்விகள் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். அதன் பயனாகப் பதினொரு மாதம் பிந்தி ஓய்வுபெற்றேன். யாரும் பிடிக்கவில்லை. ஆனால் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும் ஒவ்வொருவருக்கும், தவறான நாளில், நன்றி சொல்லிக்கொண்டு இருக்கிறேன்.

தம்பிக்குச் சொன்னபோது அவன் கடையில் வெங்காய மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன அக்கா, மனுசி தன்ரை வழக்கிலை தானே எதிர்ச்சாட்சி சொல்லப்போகுதோ?"

"ஓம். அதுவும் சத்தியம் பண்ணாமல்."

"உங்களாலை ஒண்டும் சொல்லேலாதோ? உலகத்திலை எல்லாருக்கும் சட்டம் சொல்லுறனீங்கள்."

"சொன்னனான். தேத்தண்ணி தந்து அனுப்பிப்போட்டா."

அவன் வெங்காயத்தைத் தட்டில் கொட்டினான். வேலியை ஒரு சாண் நகர்த்திவிட்டு மூன்று தலைமுறை முகம் பார்க்காமல் இருந்த குடும்பங்களுக்குள்தான் நாங்கள் இருவரும் வளர்ந்தோம். அந்த ஊரில் இப்படி ஒருவர் தானாக ஒப்புக்கொண்டிருந்தால் அவரை வைத்தியரிடம் கூட்டிப் போயிருப்பார்கள். "இந்த முறை மிளகாய்க் கன்று நல்லாய் வந்தது," என்றான். ஏதோ இறந்துபோன ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல.

அடுத்த வாரம் நான்காம் பந்தியைத் திருத்தி எழுதப் போனேன். அங்கே புதுச் சிக்கல். மூன்று சால் என்று தகப்பன் சொன்னது அந்த அம்மாவுக்கு நினைவிருக்கிறது. ஆனால் நான்காக இருந்தால்? நிச்சயமில்லாததை எழுத மாட்டார். பெட்டியில் ஏதாவது இருக்கும், பார்ப்போம் என்றார். பார்த்தாயிற்று என்றேன். அவர் "தேவையற்றவை" குவியலைக் கையால் காட்டினார்.

செம்மறிக் கணக்குக்கும் கோதுமை விதை ரசீதுக்கும் நடுவில் இருந்தது. ஒற்றைத் தாள். முத்திரையில்லை, அரக்கில்லை. முதல் நாள் நானே கையிலெடுத்து அந்தப் பக்கம் போட்ட தாள். குவேக்கர் கூட்டத்தின் குறிப்பு. அவர்களுடைய கூட்டத்தில் முடிவைக் கூட்டத்திலேயே எழுதி, வாசித்துக் காட்டி, எல்லோரும் சரியென்ற பிறகுதான் எழும்புவார்களாம். நான் ஒரு கோயில் நிர்வாகசபையில் ஆறு வருடம் இருந்தவள். அங்கே கூட்டக் குறிப்பு அடுத்த தேர்தலுக்குச் சற்று முன்புதான் பிறக்கும்.

குறிப்பில் இருந்தது இவ்வளவுதான். குவேக்கர்கள் ஒருவரையொருவர் "நண்பர்" என்றுதான் எழுதுவார்கள்; இங்கே நண்பர் என்பது அந்த அம்மாவின் பாட்டன். கூட்டம் அனுப்பிய இருவர் வேலிக்குப் போனார்கள். எங்கள் நண்பரின் தகப்பன் கீழ்வயலை வாங்கிய உறுதியைக் கேட்டு வாங்கி வாசித்தார்கள். அதிலிருந்த வரைபடத்தின்படி கிணற்றிலிருந்து எல்லை மரம்வரை நடந்து அளந்தார்கள். நண்பர் மூன்று சால் தாண்டி உழுதிருக்கிறார். அவர் அதை ஒப்புக்கொள்கிறார். அடுத்த விதைப்புக்கு முன் திருப்பிக் கொடுப்பார். கீழே இருவரின் கையெழுத்து. அதற்கும் கீழே, குவேக்கர் அல்லாத பக்கத்துக்காரரின் கையெழுத்து. தாளின் பின்புறத்தில், எரிந்துபோன உறுதியின் வரைபடம், பென்சிலில், அடி அளவுகளோடு.

"மூன்றுதான்," என்றார் அந்த அம்மா, ஆறுதலோடு. அவருக்கு அதுதான் முக்கியம்.

நான் தாளை வெளிச்சத்தில் பிடித்தேன்; தொலைந்த உறுதிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. எரிந்த உறுதியைக் கண்ணால் கண்ட இருவரும், அதை ஏற்றுக்கொண்ட எதிராளியும் ஒரே தாளில். ஒரு குடும்பம் தன் வெட்கத்தை இவ்வளவு அளவுசுத்தமாகப் பாதுகாத்து நான் கண்டதில்லை. நான்காம் பந்தியை என் வாக்கியத்தோடு அனுப்பியிருந்தால் இந்தத் தாள் மறுபடி பெட்டிக்குள் போயிருக்கும், நான் எழுதிய தலைப்போடு.

ஜூன் மாதம் எல்லாம் பதிவு அலுவலகத்துக்குப் போயின. கட்டட நிறுவனத்துக்கும் அறிவித்தல் போனது. எதிர்ப்புச் சொல்லக் கொடுத்த காலம் சத்தமில்லாமல் முடிந்தது. திருப்பிக் கொடுத்த நிலத்துக்காக யார் வழக்காடுவது? பிறகு பதிவு அலுவலகத்தின் காத்திருப்பு வரிசை. வரிசைகளை அறிந்தவள் என்பதால் நான் மாதங்களை எண்ணத் தொடங்கினேன். தம்பி ஒவ்வொரு ஞாயிறும் கேட்டான். நவம்பரில் அந்த அம்மா முற்றத்தில் வழுக்கி விழுந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கேட்பதையும் நிறுத்திவிட்டான். கீழ்வயலில் ஒருவரும் விதை வாங்கவில்லை. தைப்பொங்கலன்று அவரைப் பார்க்கப் போனோம். ஊன்றுகோலோடு கதவைத் திறந்தவர், தபால்காரர் அன்று இன்னும் வரவில்லை என்றுதான் முதலில் சொன்னார்.

பதில் வந்த அன்று அந்த அம்மா தொலைபேசியில் அழைத்தார். வர முடியுமா என்று மட்டும் கேட்டார். தம்பி கடையைப் பூட்டிவிட்டு வந்தான். கடிதத்தை நான் இரண்டு முறை வாசித்தேன், பழக்கதோஷம். கீழ்வயல் முழுவதும், வேலிவரை, குறைவில்லாத உரிமையோடு அவர் பெயரில். நிபந்தனை எதுவும் இல்லை.

"சரியோ அக்கா?" என்றான் தம்பி.

"சரி. நீ போய் விதை வாங்கு."

அவன் வெளியே போய், யன்னலுக்கு முன்னால், மழைக்குள் கொஞ்ச நேரம் நின்றான். குடை கையில் மடித்தபடியே இருந்தது. இனிக் குத்தகைப் பத்திரம். அது என் வேலை, ஒரு வாரம் போதும். அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டு, கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து, மைப்பேனாவால் வலது மூலையில் எழுதினார்: இரண்டாம் மாதம், பதினோராம் நாள்.