மூணாவது மாடி வைஃபை

கதை விடுதான்னு நினைச்சா இப்பவே எந்திச்சுப் போயிருங்க. பேயின்னு எவனாவது சொன்னா மூஞ்சிக்கு நேரா சிரிச்ச ஆளு நான். போன வருஷம் ஜூலை பன்னெண்டாந்தேதி, சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்.

பேரு உமாசங்கர். தென்காசியில நெட்வொர்க் வேலை. குத்தாலத்துக்குப் பக்கத்துல ஒரு காலேஜ், பேரு வேண்டாம். வாசல்ல ஆர்ச்சு, ஃபவுண்டன், அதுல கலர் மீனு. "ஸ்மார்ட் கேம்பஸ்"னு ஆளுயர போர்டு. உள்ள வாத்தியாரு பாட வீடியோவைப் போட்டா வட்டம் சுத்தும், சுத்தும், பெல் அடிக்க வரைக்கும் சுத்தும். தூ! அங்க நான் மூணு வருஷம் முன்னாடியே ஒருக்கா போயிருக்கேன். கீழ ஆபீசோட சரி.

இப்ப என்னன்னா, திங்கக்கிழமை ஒன்பதரைக்கு மூணாவது மாடியில அறுபது புள்ளைகளுக்கு ஆன்லைன் பரிட்சை. லைன் அறுந்தா மார்க் போச்சு. காலேஜ் முதலாளி சனிக்கிழமைதான் முழிச்சாரு. "எல்லா ரூம்லயும் வைஃபை பெட்டி இருக்கு சார். சும்மா ஒரு தட்டு தட்டிட்டுப் போங்க." தட்டணுமாம்! அவரு வீட்டு ரேடியோ பாருங்க.

மணி 5.40. சாரல். அப்பவே இருட்டிட்டு வருது. வாட்ச்மேன் பாண்டி அண்ணாச்சி சாவியை நீட்டினாரு.

"மேல நான் வரல சார்."

"ஏன்?"

"முட்டு வலி."

கீழ இருந்து ஒரு வயரை இழுத்துக்கிட்டு நானே ஏறினேன். கடைசி ரூம்ல ஸ்டூல் போட்டு பெட்டியைக் கழட்டினேன். சிரிப்பு வந்துட்டு. பின்னால ஒரு சாண் வயரை வெட்டிச் சொருகி வச்சிருக்கானுவ. அது எங்கயும் போகல. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவங்க அண்ணாந்து பாக்கதுக்கு மட்டும் வச்ச பெட்டி. அந்த மாடி முழுக்க அப்படித்தான். இதையும் ஒருத்தன் பாத்து, எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டிருப்பான். சவத்து மூதி! அவன் மட்டும் என் கையில கெடைச்சா...

5.52. நான் இழுத்துட்டு வந்த வயர்ல லேப்டாப்பை மாட்டினேன். காலேஜ் பெட்டிகளோட லிஸ்ட் வந்துது. மூணாவது மாடி பூரா சிவப்பு. ஒண்ணே ஒண்ணு பச்சை.

கடைசி ரூம் பெட்டி. அது கழட்டி என் மடியில கெடக்கு.

அதுல ஒரு போன் சேர்ந்திருக்கு. 'சந்தனமாரி'ன்னு பேரு. பக்கத்துல ஒரு எண். போன் தூரத்துல இருந்தா அது பெருசா இருக்கும். கிட்ட வர வர குறையும்.

81.

சாப்ட்வேர் கிறுக்குன்னு நினைச்சேன்.

5.58. எண் 66.

வராண்டாவுல சத்தம். சளக்... சளக்... ஈரச் செருப்பு.

"யாரும்மா?"

எண் 50.

எட்டிப் பாத்தேன். ஆள் இல்ல. தரை மட்டும் ஈரம்... கதவு வரைக்கும்.

6.03. எண் 38. இப்ப சத்தமே இல்ல. எண் மட்டும் குறையுது.

21.

பெட்டி மேலயே போனை வச்சாத்தான் அப்படி வரும். பெட்டி என் மடியில...

கீபோர்டுல ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. மேல பாத்தேன். சீலிங் காஞ்சு கெடக்கு.

ஸ்க்ரீன்ல ஒரு வரி. அந்தப் போன்ல இருந்து அசைன்மென்ட் ஏறுது. 97... 98... 99...

6.07. நின்னுட்டு.

காதுகிட்ட குளுந்த மூச்சு.

"சார்... ஏறிட்டுதா?"

எப்படி இறங்கினேன்னு தெரியாது.

"சந்தனமாரி யாரு அண்ணாச்சி?"

பாண்டி அண்ணாச்சி மூஞ்சி வெளுத்துட்டு. "வடகரைப் புள்ள சார். ஹாஸ்டல்ல இருந்துச்சு. அசைன்மென்ட் அனுப்ப அன்னைக்குத்தான் கடைசி நாளு. மேல வைஃபை வரல. மாடித் தண்ணித்தொட்டி மேல ஏறினா டவர் கெடைக்கும்னு மழையில ஏறிச்சு. வழுக்கிட்டு... ரெண்டு வருஷம் ஆச்சு. போனு தொட்டிக்குள்ள விழுந்துட்டு. இன்னும் எவனும் எடுக்கல."

"எத்தன மணிக்கு?"

"ஆறு மணி ஏழு நிமிஷம்னு போலீஸ்ல எழுதினாங்க."

"வைஃபை வரலன்னு யாருட்டயும் சொல்லலியா?"

"மூணு தடவ எழுதிக் குடுத்துச்சு சார். முதலாளி ஒரு பேப்பரைக் காட்டி, எல்லாம் வேலை செய்யுது, பொய்யா சொல்லுதன்னு ஏசி விரட்டிட்டாரு."

ஞாயித்துக்கிழமை நாலு பேரைக் கூட்டிட்டுப் போயி மாடி முழுக்க வயர் இழுத்தேன். அறுபது புள்ளைகளும் பரிட்சை எழுதிச்சு. முடிஞ்சதும் ஆபீஸ்ல அந்தப் பேப்பரைக் கேட்டு வாங்கினேன். எந்த மூதேவின்னு பாத்து, வீடு தேடிப் போயி நாக்கைப் புடுங்குத மாதிரி நாலு கேக்கணும்.

'மூன்றாவது மாடி வரை எல்லா வைஃபை பெட்டிகளும் நேரில் சரிபார்க்கப்பட்டன.'

மூணு வருஷத்துக்கு முந்தின தேதி. ஓரத்துல எண்ணெய்க் கறை. அன்னைக்கும் சாரல். படி ஏறச் சோம்பல்பட்டு, ஆபீஸ்ல மொளகா பஜ்ஜி தின்னுக்கிட்டே போட்ட கையெழுத்து.

என் கையெழுத்து.