டீக்கனார் ஓடிலோனின் பிரெஞ்சு அட்டை

பெனே ஊரில் செருப்புத் தைக்கிற ஓடிலோன் சேன்விலுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று மணி நேரம் கிடைத்த மரியாதை, அந்த ஊர் மாஜிஸ்திரேட்டுக்கு வாரம் முழுக்கச் சேர்த்தாலும் கிடையாது. பாஸ்டர் லூக்னேர் பிரெஞ்சு வேதத்திலிருந்து ஒரு வசனம் வாசிப்பார். சபையில் இருந்த நூற்றிருபது பேரில் பிரெஞ்சு புரிந்தவர்கள் நாலு பேர். அந்த நாலில் இரண்டு பேர் புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்பவர்கள். வாசித்து முடித்ததும், பக்கத்தில் நிற்கிற டீக்கனார் ஓடிலோன் தன் கையிலிருக்கும் பிரெஞ்சு வேதத்தைப் பார்த்து, கொஞ்சம்கூடத் தடுமாறாமல், அதை அப்படியே எல்லாரும் வீட்டில் பேசுகிற கிரியோலில் சொல்வார். இது ஏழு வருஷமாக நடந்துவந்தது.

"கண்ணு பிரெஞ்சப் பாக்குது, வாயி கிரியோல் பேசுது. நடுவுல என்னதான் நடக்குதோ" என்று பொரித்த வாழைக்காய் விற்கிற சிஸ்டர் வெலினா அடிக்கடி ஆச்சரியப்படுவாள்.

நடுவில் ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் விஷயம். கறுப்புத் தோல் அட்டை பிரெஞ்சு, முதுகில் தங்க எழுத்து பிரெஞ்சு, ஜிப் வைத்த உறையும் பிரெஞ்சு. உள்ளே இருந்த தாள் மொத்தமும் கிரியோல். அட்டையைப் பிரித்து மாற்றித் தைத்தவர் ஓடிலோன்தான். செருப்பு அடியைத் தைக்கிற மெழுகு நூல் என்பதால் தையல் ஏழு வருஷமும் அசையவில்லை.

அவர் ஏமாற்றுக்காரர் என்று யாரும் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். மாமனார் செத்தபோது அவருக்கு அந்தக் குண்டு பிரெஞ்சு வேதம் வந்து சேர்ந்தது. அவர் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சபைக்குப் போனார், அவ்வளவுதான். பழைய டீக்கனார் காலமானதும் பாஸ்டர் கூட்டத்தை ஒரு சுற்று பார்த்தார். இருப்பதிலேயே குண்டான வேதம் ஓடிலோன் கக்கத்தில் இருந்தது. குண்டு வேதம் வைத்திருப்பவன் விவரமானவன் என்பது நம் ஆட்களின் எண்ணம். மேடையில் எல்லார் முன்னாலும் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்குப் பிரெஞ்சில் என் பெயர்தான் எழுதத் தெரியும் என்று எப்படிச் சொல்வது?

முதல் ஆறு வாரம் பிரசங்கங்களில் கேட்ட ஞாபகத்தை வைத்துச் சமாளித்தார். ஏழாவது வாரம், மீன் யோனாவை விழுங்குகிற கதையில், அவர் வாயில் யோனா மீனை விழுங்கிவிட்டான். சபை ஆமென் சொன்னது. பாஸ்டர் மட்டும் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஓடிலோன் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார். நாலாம் நாள் ஊர் ஊராக ஆளேற்றுகிற தப்தப் வண்டியில் ஒரு ஆள் கிரியோல் வேதப் பெட்டியோடு வந்து சந்தையில் இறங்கினான். பெண்டாட்டிக்கு என்று சொல்லி ஒன்று வாங்கினார். பெண்டாட்டி கிளேர்மீஸுக்கு எழுத்தே தெரியாது.

கழற்றிய பிரெஞ்சுத் தாள்களை என்ன செய்வது என்பது அடுத்த பிரச்சனை. வேதத்தின் தாளைக் குப்பையில் போடலாமா? அடுப்பில் வைக்கலாமா? துணியில் சுற்றி மெத்தைக்கு அடியில் வைத்தார். "முதுகுல லேவியராகமம் குத்துது" என்று கிளேர்மீஸ் ஏழு வருஷமாகப் புகார் சொல்லிக்கொண்டிருந்தாள். எந்த ஆகமம் குத்துகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டதில்லை.

மேடைக்காக வாங்கின புத்தகத்தைத் தனியாகவும் படிக்க ஆரம்பித்ததுதான் அவர் எதிர்பாராமல் நடந்தது. முதல் வாரமே, பிள்ளையோடு பாலைவனத்துக்குத் துரத்தப்பட்ட ஆகார் கதை வந்தது. பிரசங்கத்தில் நூறு தடவை கேட்ட கதை. தண்ணீர் தீர்ந்ததும் அந்தப் பெண் பிள்ளையை ஒரு புதருக்கு அடியில் விட்டுவிட்டு, சாவதைப் பார்க்க முடியாமல் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தாள் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. தன் அம்மா பேசின மொழியில் அது எழுதியிருந்தது. ஓடிலோன் கையில் ஒரு ஒற்றைச் செருப்போடு கடையில் உட்கார்ந்து அழுதார். செருப்பு வாங்க வந்தவன் விலையைக் குறைத்துக்கொண்டு போனான்.

அதற்கப்புறம் அவருக்கென்று சில பழக்கங்கள் ஏற்பட்டன. விடிந்ததும் வீட்டுக்குப் பின்னால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து ஒரு அதிகாரம் வாசிப்பார். அதை முடிக்காமல் காப்பி குடிப்பதில்லை என்று ஒரு பொருத்தனை. காப்பி வாசனை மூக்கைத் துளைக்கிற நாட்களில் இரண்டே வசனம் உள்ள நூற்றுப்பதினேழாம் சங்கீதத்தை எடுப்பார். "இன்னிக்கும் நூத்திப்பதினேழா?" என்று கிளேர்மீஸ் உள்ளேயிருந்து கேட்பாள். வாக்குத்தத்தங்களுக்குச் சிவப்புப் பென்சில், திட்டுகளுக்கு நீலப் பென்சில். நீலம் சீக்கிரம் தீர்ந்தது. வம்ச வரலாறுகளைச் சத்தமாக ஆட்டுக்கு வாசித்துக் காட்டுவார். மனுஷருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. யாக்கோபு ஆட்டுத்தோலைப் போர்த்தி அண்ணன் மாதிரி வேஷம் போட்டு ஏமாற்றின இடத்துக்கு வந்தபோது மட்டும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். ஒரு மாசம் யாக்கோபின் முகத்தில் விழிக்க அவருக்குத் தைரியம் இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில் வெலினா வந்து கல்லைப் போட்டாள். முதியோர் வகுப்பில் ஐம்பது வயதில் கிரியோல் எழுத்துக் கற்றுக்கொண்டு, சொந்தமாக ஒரு கிரியோல் வேதமும் வாங்கியிருந்தாள். சபைக் கூட்டத்தில் எழுந்து, மேடைக்கே கிரியோல் வேதம் வாங்கிவிடலாம் என்றாள். எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்வதால் ஆராதனை முடியப் பன்னிரண்டாகிறது, அதற்குள் மற்ற சபைக்காரர்கள் வெளியே வந்து எதிர்க்கடையில் தின்றுவிட்டுப் போய்விடுகிறார்கள், தன் எண்ணெய் காய்ந்ததுதான் மிச்சம் என்றாள். சபை இரண்டாகப் பிரிந்தது. பிரெஞ்சு போனால் கௌரவமே போய்விடும் என்று பாதிப்பேர் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு மத்தியானம் பேசி முடிவெடுக்கலாம் என்ற பாஸ்டர், பிரெஞ்சின் பக்கம் பேச, இரண்டும் நன்றாகத் தெரிந்த டீக்கனாரையே கேட்டுக்கொண்டார்.

ஓடிலோனுக்குச் சோறு இறங்கவில்லை. கிரியோல் வந்தால் மொழிபெயர்க்க ஆள் வேண்டாம், மேடை போயிற்று. பிரெஞ்சுக்காகப் பேசினால், தன்னை அழவைத்த புத்தகத்தைத் தானே மட்டம் தட்ட வேண்டும்.

"உண்மையச் சொல்லிட்டு எறங்கிடுங்க" என்றாள் கிளேர்மீஸ்.

"எறங்கினா நான் யாரு? வாரத்துல ஆறு நாளு எல்லாரோட காலப் பாத்துத்தான் பேசறேன். அந்த ஒரு நாளுதான் எம் மூஞ்சியப் பாக்கறாங்க."

கிளேர்மீஸ் அவருடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

கூட்டத்தில் ஓடிலோன் நன்றாகவே பேசினார். பிறப்புச் சான்றிதழ் பிரெஞ்சில், கோர்ட்டுக் கடுதாசி பிரெஞ்சில், ஆண்டவர் மட்டும் சந்தைப் பேச்சில் வர வேண்டுமா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை நாம் இஸ்திரி போட்ட சட்டையில் வரும்போது வேதம் மட்டும் பனியனோடு வரலாமா என்றும் கேட்டார். பெரிசுகள் பெஞ்சைத் தட்டினார்கள்.

வெலினா எழுந்தாள். தனக்கு வாதம் பண்ணத் தெரியாது, ஒரு சோதனை வைக்கலாம் என்றாள். பாஸ்டர் பிரெஞ்சில் வாசிக்கட்டும். பிரதர் வழக்கம்போல் கிரியோலில் சொல்லட்டும். அப்புறம் அதே இடத்தைத் தன் புத்தகத்திலிருந்து தான் வாசிப்பாள். பிரதர் சொல்வது நன்றாயிருந்தால் புத்தகம் வேண்டாம். இதில் குற்றம் சொல்ல யாருக்கும் ஒன்றும் இல்லை. இரண்டும் ஒரே புத்தகம் என்பது ஓடிலோனுக்கு மட்டும்தான் தெரியும். வேண்டுமென்றே வார்த்தையை மாற்றிச் சொன்னால் தப்பித்திருக்கலாம். ஆனால் ஏழு வருஷம் பக்கத்தைப் பார்த்தே பழகின வாய், பக்கத்தில் இருந்ததைத்தான் சொல்லியது.

ஏலி என்ற கிழ ஆசாரியர் நாற்காலியிலிருந்து விழுந்து சாகிற இடம். ஓடிலோன் சொல்லி முடித்ததும், வெலினா விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள். அவள் வேகத்துக்கு ஏலி விழுந்து முடிக்க வெகு நேரமாயிற்று. "மல்... மல்லா..." என்று அவள் திணறினாள். "மல்லாக்க" என்று சபை எடுத்துக் கொடுத்தது. அதைத்தானே இப்போது டீக்கனார் சொன்னார்! புத்தகத்திலும் மல்லாக்கத்தான் இருந்தது. அடுத்து பிலேயாமின் கழுதை பேசினது. ஓடிலோன் வாயில் பேசினதையேதான் அந்தக் கழுதை வெலினா புத்தகத்திலும் பேசினது. மூன்றாவதாக எசேக்கியேலில் யாரும் போகாத ஒரு மூலையில், வாசல்களையும் தூண்களையும் முழம் போட்டு அளக்கிற இடம். ஒரு முழம் கூட மாறவில்லை.

நூலாம்படை மாதிரி ஒரு சந்தேகம் யாருக்காவது வந்ததா என்றால், வந்தது. ஆனால் அது ஓடிலோன் மேல் வரவில்லை. படகுக்காரர் தியோஜூஸ்த் மெதுவாக எழுந்தார். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் தலைநகரிலிருந்து ஒருத்தன் நோட்டோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தானே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். வந்தவன் கொசு ஒழிப்பு இலாகா ஆள். புத்தகம் அதற்கு முன்பே அச்சாகிவிட்டது. ஆனால் கோபம் வந்தவர்கள் தேதி பார்ப்பதில்லை.

"நம்ம டீக்கனாரு வாயில வந்தத எல்லாம் எழுதிட்டுப் போயி அச்சடிச்சு வித்திருக்கானுங்க" என்றார் தியோஜூஸ்த். "முன்பக்கத்துல அவரு பேரு கூட இல்ல."

ஆளாளுக்குக் கொதித்தார்கள். அச்சிட்டவர்களுக்குக் கண்டனக் கடிதம் அனுப்புவது என்று தீர்மானமாயிற்று. எந்த மொழியில்? பிரெஞ்சில்தான், அப்போதுதான் பயப்படுவார்கள். யார் எழுதுவது? டீக்கனாரை விட்டால் யார்? ஓடிலோன் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். யோனாவுக்கு அப்புறம் அந்தப் பார்வை இப்போதுதான் வந்தது.

அதையும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். ஆனால் தியோஜூஸ்த் வெலினா கையிலிருந்து அந்தப் புத்தகத்தை வாங்கி, "திருட்டுப் புஸ்தகம் மேடையில எதுக்கு?" என்று சொல்லித் தரையில் வைத்துக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார். ஓடிலோனுக்குப் பொறுக்கவில்லை. எங்கேயோ யாரோ உட்கார்ந்து, வார்த்தை வார்த்தையாக யோசித்து, தன்னைப்போல ஒருவனுக்குப் புரிய வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களைத் திருடன் என்று சொல்கிறார்கள், அதைக் கேட்டுக்கொண்டு தான் நிற்கிறோம். அவர் இறங்கிப் போய்க் குனிந்து புத்தகத்தை எடுத்துத் தன் இஸ்திரிச் சட்டையில் துடைத்தார்.

"திருடினது அவங்க இல்ல. நாந்தான்" என்றார். பையிலிருந்த தோல்கத்தியை எடுத்துத் தன் வேதத்தின் தையலை அறுத்தார்.

அப்போதும் யாரும் நம்பவில்லை என்பதுதான் கூத்து. எவ்வளவு தாழ்மை பாருங்கள் என்று ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசியில் பாஸ்டர் தன்னுடைய பிரெஞ்சு வேதத்தை நீட்டினார். ஓடிலோன் ஒரு வரி வாசித்தார். இல்லை, வாசிக்கப் பார்த்தார். மூன்றாம் வார்த்தையில் நின்றுபோனார். விரலை அந்த வார்த்தையிலேயே வைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் அவர் நின்றதை நம்மால் பார்க்க முடியவில்லை.

"அப்ப அந்தப் பிரெஞ்சுத் தாளெல்லாம் எங்க?" என்று தியோஜூஸ்த் கேட்டார்.

"எம் முதுகுக்குக் கீழ" என்றாள் கிளேர்மீஸ்.

முதலில் சிரித்தவள் வெலினாதான். சிரித்து முடித்துவிட்டு, ஏழு வருஷமாகக் கிரியோல் வேதத்தைத்தான் கேட்டிருக்கிறோம், யார் கௌரவமும் போகவில்லையே, அதையே வாங்கிவிடலாமே என்றாள். எதிர்த்துக் கை தூக்க யாருக்கும் முகம் இல்லை. ஓடிலோனுக்கு டீக்கன் பொறுப்பு இருக்கட்டும், மேடை இனித் தேவையில்லை என்று பாஸ்டர் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால் இன்னும் வலித்தது.

அடுத்த ஞாயிறு ஓடிலோன் கடைசி பெஞ்சில், கதவோரம் உட்கார்ந்தார். வாராவாரம் தன்னைப் பார்த்த முகங்களின் பிடரிகள் மட்டும் தெரிந்தன. பாஸ்டர் புதுக் கிரியோல் வேதத்தைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தார். பாஸ்டர் கிரியோலில் பிறந்து வளர்ந்தவர், கிரியோலில் மணிக்கணக்காகப் பிரசங்கம் பண்ணுகிறவர். ஆனால் பள்ளிக்கூடத்தில் அவர் கண் பழகினது பிரெஞ்சு மட்டும்தான். பேசுகிற மொழியைத் தாளில் பார்த்து அவர் வாசித்ததே இல்லை. ஒவ்வொரு வார்த்தையிலும் முட்டி, நின்று, திரும்பி வந்து, மறுபடியும் முட்டினார்.

"இது எந்த மொழி?" என்று முன் பெஞ்சில் ஒரு கிழவர் பக்கத்து ஆளைக் கேட்டது எல்லாருக்கும் கேட்டது.

பாஸ்டர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, கடைசி பெஞ்சைப் பார்த்தார்.

"பிரதர் ஓடிலோன், இங்க வாங்க."

ஓடிலோன் எழுந்தார். "மொழிபெயர்க்கவா, பாஸ்டர்?"

"இல்ல பிரதர்" என்றார் பாஸ்டர். "வாசிக்க."