மாமா சொன்ன பச்சை

என் அக்கா வசந்தகுமாரி ஆஸ்பத்திரியில் இறந்துபோன அன்று காலை, அவள் புருஷன் உலகநாதன் அழவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் போட்டார். வராந்தாவுக்கு வந்தார். "எல்லாரும் காப்பி குடிச்சாச்சா?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஆளைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. மறுநாள் பால்காரனிடம், "இனிமே ஒரு பாக்கெட் போதும்" என்று சொல்லி அனுப்பினார். குரலில் ஒரு பிசிறு இல்லை.

அதற்கப்புறமும் அப்படியேதான். குக்கர் வைக்கக் கற்றுக்கொண்டார். தெலுங்கு நியூஸ் சானலைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு அதன் எதிரே உட்கார்ந்திருப்பார். சாப்பிட்டீங்களா மாமா என்றால் சாப்பிட்டேன் என்பார். என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டால் யோசிப்பார். நான் மல்காஜ்கிரியிலிருந்து ஆட்டோ பிடித்துப் போய்த் திட்டிவிட்டு வருவேன். சுவரோடு பேசிவிட்டு வருகிற மாதிரிதான் இருக்கும்.

எங்கள் இரண்டு குடும்பமும் வேலூர்ப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரன் காலத்திலேயே சிகந்தராபாத் வந்தவை. மாமாவின் அப்பா பட்டாளத்துக்காரர் என்பதால் சைனிக்புரியில் மனை கிடைத்தது, வீடும் அதில்தான். மாமாவுக்கு வேலை பாலாநகரில், விமானத்துக்கு எலக்ட்ரானிக்ஸ் செய்கிற ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர். மீசை முறுக்குகிற இன்ஸ்பெக்டர் இல்லை, சர்க்யூட் போர்டுகளைச் சரிபார்க்கிற இன்ஸ்பெக்டர். அரிசி மணி அளவு ரெசிஸ்டரின் மேல் வண்ண வளையங்கள் இருக்குமாம். பழுப்பைச் சிவப்பு என்று படித்துவிட்டால் போர்டே வீண். மாமா அதைப் படிப்பதில் கில்லாடி. வருஷாவருஷம் கம்பெனியே கண் டெஸ்ட் வைக்கும், வருஷாவருஷம் பாஸ் ஆவார். தப்பான போர்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி "ரிஜெக்ட்" என்பார். வீட்டில் உப்புமா கட்டிதட்டினாலும் அதே வார்த்தைதான். அக்கா தட்டைப் பிடுங்கிக்கொண்டு போவாள்.

அப்படிப்பட்டவருக்குப் பிறந்த ஒரே பிள்ளை ஜெகதீஸ்வரனுக்கு நிறம் சரியாகத் தெரியாது. சிவப்பு, பச்சை, பழுப்பு எல்லாம் கலங்கிப்போய்த் தெரியும். வெளிர் நீலமும் வெளிர் பச்சையும்கூட அவனுக்குச் சாம்பல்தான். காஞ்சன்பாக் ராணுவ ஆராய்ச்சிக் கூடத்தில் வேலைக்குப் போனபோது மெடிக்கலில்தான் அது வெளியே வந்தது. சரி, நிறம் வேண்டாத படிப்பாகப் பார்த்து எடுப்பான் என்று பார்த்தால், காளானுக்குப் பெயர் வைக்கிற ஆராய்ச்சியில் போய் விழுந்தான். அதிலும் பொலீட் என்று ஒரு வகை. நிறத்தை வைத்துத்தான் அதில் பாதி காரியமே. எங்கள் வீட்டில் எவனும் நேர்வழியில் போனதில்லை.

பொலீட்டைப் பார்த்தால் பேக்கரி பன்னுக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும். சாதாரணக் காளானைத் திருப்பினால் அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் அல்லவா, இதில் மடிப்பு கிடையாது, பொடிப்பொடித் துளைகள். மழைக்காட்டில், குறிப்பிட்ட சில மரங்களின் வேரோடு ஒட்டிப் பிழைக்கும். எது எந்த இனம் என்று சொல்ல, பறித்த இடத்திலேயே கத்தியால் நடுவில் வெட்டிப் பார்க்க வேண்டும். காற்றுப் பட்டதும் சிலது நீலமாகும், சிலது சிவக்கும், சிலது அப்படியே இருக்கும். என்ன நிறம், எவ்வளவு நேரத்தில் மாறியது, இரண்டையும் அங்கேயே குறித்தாக வேண்டும். காய்ந்துபோனதை அப்புறம் எத்தனை முறை வெட்டினாலும் அது வாய் திறக்காது.

அதனால் ரிடையர் ஆனதிலிருந்து மாமாதான் ஜெகாவுக்குக் கண். ஒவ்வொரு மழைக்கும் அப்பாவும் பிள்ளையும் கர்நாடகத்தில் ஆகும்பே காட்டுக்குப் போவார்கள். ஜெகா வெட்டுவான், மாமா நிறம் சொல்வார். தொப்பிக்கும் காலுக்கும் வண்ண அட்டைப் புத்தகத்தோடு ஒட்டிவைத்துப் பார்ப்பார்கள். வெட்டினதும் வருகிற நிறத்துக்கு மட்டும் அட்டை உதவாது. பக்கம் புரட்டுவதற்குள் வந்தது போய்விடும். அங்கே மாமாவின் வாய்தான் வேதம். "கேமரா இருக்கேடா?" என்று ஒருதரம் கேட்டேன். "காட்டு நிழல்ல எடுத்தா படமே பச்சை அடிக்கும் சித்தி. அப்பா சொன்ன கலருக்குத்தான் படத்தையே திருத்துவேன்" என்றான்.

அப்படி ஒரு மழையில் ஒரு கோங்கு மரத்தடியில் அது கிடைத்தது. ஏற்கெனவே பெயர் உள்ள ஒரு பொலீட்டுக்கு அச்சு அசல் தங்கை. அது வெட்டினால் வெளிர் நீலமாகும். இது பச்சையானது. மாமா சொன்னார், பச்சை என்று. டிஎன்ஏ பார்த்ததில் பழையதுக்கு ரொம்பக் கிட்டே இருந்தது, கொஞ்சம் விலகியும் இருந்தது. வேறு இனம் என்று அடித்துச் சொல்ல அந்தப் பச்சைதான் சாட்சி. ஜெகா கான்ட்ராக்ட் லெக்சரராக ஒரு காலேஜில் இழுபட்டுக்கொண்டிருந்தான். ஒரு புது இனம் அவன் பெயரில் வந்தால் நிலைமை மாறும் என்று நம்பினான். அக்கா போனதும் அதற்குப் பெயரையும் முடிவு செய்தான். லத்தீனில் பின்பெயர் "வசந்தே". வசந்தாவினுடையது என்று அர்த்தமாம். உலகம் உள்ளவரை எந்த நாட்டுப் புத்தகத்திலும் அந்தப் பெயர் இருக்கும் என்றான். நான் அழுதேன். மாமா "சரி" என்றார்.

புது இனத்தைப் பற்றிய கட்டுரையை அவன் பத்திரிகைக்கு அனுப்ப ஒரு வாரம் இருக்கும்போதுதான் மாமாவுக்குக் கண் ஆபரேஷன். டம்ளருக்கு வெளியே பாலை ஊற்றுவதைப் பார்த்து நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு கண்ணிலும் புரை, முற்றிப்போயிருந்தது. முதலில் வலது கண்.

கட்டு பிரித்த பிறகு சொட்டு மருந்து போட அவர் அறைக்குப் போனேன். அக்காவின் பீரோ திறந்திருந்தது. அவள் புடவைகளையெல்லாம் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தபோது, "அந்தப் பச்சையை மட்டும் வெச்சுட்டுப் போ" என்று ஒரே ஒரு போச்சம்பள்ளிப் புடவையை நிறுத்திவைத்திருந்தார். அதன் எதிரே நின்றுகொண்டு, ஒரு கண்ணைக் கையால் மூடினார். எடுத்தார். இன்னொரு கண்ணை மூடினார். எடுத்தார்.

"ரஞ்சனா, இது இன்னா கலர்?"

"நீலம்" என்றேன்.

"எப்பவுமா?"

"வாங்கின நாள்லேர்ந்து நீலம்தான். அக்கா தலையில அடிச்சிக்கிட்டா. நீங்க கிண்டல் பண்றீங்கன்னு நாங்க சிரிச்சோம்."

அது எங்கள் வீட்டில் பழைய தமாஷ். அவள் அதைக் கட்டும்போதெல்லாம், "இந்தப் பச்சை உனக்கு எடுப்பா இருக்கு" என்பார். "ஏங்க, பச்சையா இது? நீலங்க!" என்பாள். "கலர் பார்த்தே சம்பளம் வாங்கினவன்கிட்ட சொல்லாதே" என்பார். அத்தோடு விட்டுவிடுவாள். சாகிறவரை அந்தப் பேச்சு முடியவில்லை.

"இந்தக் கண்ணுல நீலம். அந்தக் கண்ணுல பச்சை" என்றார் மாமா. கட்டிலில் உட்கார்ந்தார். நான் புடவையை நினைத்துக்கொண்டு நிற்கிறேன், அவர் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தார். "ஜெகாவுக்கு ஃபோன் போடு. கட்டுரைய அனுப்ப வேணாம்னு சொல்லு."

அவன் சாயங்காலமே வந்தான். மாமா போர்டைத் திருப்பிக் கொடுக்கிற குரலில் புடவை விஷயத்தைச் சொன்னார். புரை ஏறின கண்ணுக்கு மஞ்சள் கண்ணாடி போட்ட மாதிரி, வெளிர் நீலம் பச்சையாகத் தெரியும் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டாராம். "அட்டை வெச்சுப் பார்த்தது தப்பாகாது, அட்டையும் அதே கண்ணுலதான் பார்த்தேன். வெட்டினதும் வாயால சொன்னேன் பாரு, அதெல்லாம் ரிஜெக்ட்."

ஜெகாவின் முகம் சுருங்கிவிட்டது. "நக்கோப்பா, அப்படி இல்ல. நாம அதை எடுத்து ரெண்டு மழை ஆச்சு. அப்போ உங்க கண்ணு நல்லாத்தானே இருந்துச்சு? புரை இப்போ வந்திருக்கும்." சட்டென்று என் பக்கம் திரும்பினான். "சித்தி, அம்மா அந்தப் புடவைய எப்போ வாங்கினா?"

என்னோடுதான் வாங்கினாள். நுமாயிஷ் பொருட்காட்சியில், இரண்டு பேரும் மிர்ச்சி பஜ்ஜி தின்றுகொண்டே பேரம் பேசினோம். அன்றைக்கே அவர் பச்சை என்றார். அது அவர்கள் அந்தக் காளானை எடுத்த மழைக்கு முந்தின ஜனவரி. ஞாபகமில்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அக்காவின் பெயர் அழிவதற்கு அவள் புடவையையே சாட்சியாக நிறுத்துவதா? மாமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்று நீலம், ஒன்று பச்சை என்று தெரிகிற கண்களால்.

"அதுக்கு முன்னாடிடா. அந்த வருஷ நுமாயிஷ்ல" என்றேன்.

ஜெகா செருப்பை மாட்டிக்கொண்டு போனான். மாமா டிவியைப் போட்டார். எனக்கு அவர் மேல் மறுபடியும் கோபம் வந்தது. பெண்டாட்டி பெயரை ஒரு காளான் மேலிருந்து கூடப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இப்படிக் குத்துக்கல்லாக உட்கார ஒரு மனுஷனால் முடியுமா?

முடிவாகச் சொல்ல ஒரே வழி, அடுத்த மழையில் அதே மரத்தடிக்குப் போய்ப் புதிதாக ஒன்றை வெட்டிப் பார்ப்பது. பச்சையானால் வசந்தே உண்டு. நீலமானால் அது பழைய இனமேதான், இத்தனை நாள் பாடு அவ்வளவுதான். அதற்குள் இடது கண்ணும் ஆபரேஷன் ஆனது. ஜூலையில் கிளம்பினார்கள். இந்தத் தடவை நானும் போனேன். அப்பாவும் பிள்ளையும் ஒருவரோடொருவர் பேசுவது அந்த லட்சணத்தில் இருந்தது, நடுவில் ஒரு ஆள் வேண்டாமா?

ஆகும்பே மழையைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல என்னால் ஆகாது. குடை ஒரு பேச்சுக்குத்தான். ரத்தம் குடிக்கிற அட்டைகள் என் காலை அவரவர் பங்கு என்று பிரித்துக்கொண்டன. இரண்டு நாள் வெறும் கையோடு திரும்பினோம். அப்புறம் ஒரு காலையில், அந்தக் கோங்கு மரத்தடியில், இலைச் சருகைத் தள்ளிக்கொண்டு பன் மாதிரி ஒன்று நின்றது. ஜெகா மண்டியிட்டான். தொப்பியைத் தடவிப் பார்த்தான், கவிழ்த்துத் துளைகளைப் பார்த்தான். "ஹவ்ப்பா, இதேதான்" என்றான்.

நிறம் சொல்ல என்னைக் கேட்டிருக்கலாம். என் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. அவன் கேட்கவில்லை. கத்தியை எடுத்துத் தொப்பி முதல் கால்வரை ஒரே இழுப்பாக இழுத்தான். ஒரு பாதியை மாமாவின் உள்ளங்கையில் வைத்தான்.

உள்ளே வெளிர் மஞ்சளாக, சுத்தமாக இருந்தது. நான் மனசுக்குள் பச்சை, பச்சை என்று சொல்லிக்கொண்டேன். சாமி கும்பிடுகிற வேகத்தில் சொன்னேன். துளைகளுக்கு மேலே ஒரு கோடு கறுத்தது. அது பரவியது.

"கலர்ப்பா?" ஜெகா பென்சிலோடு காத்திருந்தான். அவனுக்கு அது வெறும் சாம்பல்.

மாமா அந்தப் பாதியை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். 

"அப்பா. கலர்?"

"நீலம்" என்றார்.

ஜெகா எழுதினான். நான் அவன் தோளில் கை வைத்தேன், அவன் தள்ளிவிடவில்லை. அவ்வளவுதான், வசந்தே என்று ஒரு காளான் இல்லை.

"நீலம்" என்று மாமா மறுபடியும் சொன்னார். யாரும் கேட்காமலே சொன்னார். "நீலம்டா. நல்ல நீலம். அவ சொன்னா, எத்தனை தடவ சொன்னா..." அந்தக் காளான் பாதியைக் கீழே போடாமல் இன்னொரு கையாலும் தாங்கிக்கொண்டார்.

ஜெகா தலையைத் தூக்காமல், எழுதி முடிக்க வேண்டிய அடுத்ததைக் கேட்டான். "எவ்வளவு நேரத்துல மாறிச்சுப்பா?"

"தெரியலடா. நான் பார்க்கல" என்றார் மாமா. "கண்ணுல தண்ணி மறைச்சிடுச்சு."

ஜெகா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அவரிடம் போனான்.