மேலாளரை மூடிய விரல்

தட்டு மாதிரி ஒரு லேப்டாப்பை வாங்கி வந்து, "பாரு, எடையே இல்ல" என்று வீட்டம்மாவிடம் நீட்டினேன். ஒரு கையால் தூக்கிப் பார்த்தவள், "உள்ள எதையும் வைக்க மறந்துட்டானுவளோ?" என்றாள். கோபம் வந்தது. சொன்னது உண்மை என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

உள்ளே பிரவுசர் மட்டும்தான். வேறு எதையும் அந்த டப்பாவில் ஏற்ற விடாது. எனக்கோ, சென்னைக் கம்பெனி ஒன்றின் கடைகளுக்கெல்லாம் பில் போடும் சர்வரை, கடலோரக் கோட்டைப்பட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு மேய்க்கும் வேலை. என்னிடம் இருந்த ஒரே கான்ட்ராக்ட் அது. கறுப்புத் திரையில் கட்டளை அடித்துச் சர்வரோடு பேசுவது எங்கள் தொழில். இதில் அந்தக் கறுப்புத் திரையும் பிரவுசருக்குள் ஒரு டேப். என்னைத் திட்டுவதற்கென்றே சம்பளம் வாங்கும் அந்தக் கம்பெனி மேலாளரும், வீடியோ காலில் வந்தால், ஒரு டேப்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது சர்வர் படுத்துவிட்டது. கடைகளில் பில் வரவில்லை. மேலாளர் வந்துவிட்டார்.

"என்னய்யா பண்றீங்க அங்க? மீன் புடிக்கப் போயிட்டீங்களா?"

திரையின் இடப்பக்கம் அவர், வலப்பக்கம் சர்வர். பழைய பதிவுகள் குவிந்து டிஸ்க் நிரம்பியிருந்தது. அழித்தால் முடிந்தது. அவசரத்தில் தப்பாக அடித்தேன். கறுப்புத் திரையில் கடைசி வார்த்தையை அழிக்க, கன்ட்ரோலையும் டபிள்யூவையும் சேர்த்து அமுக்குவோம். விரலுக்கு அது மூச்சு விடுவது மாதிரி. பிரவுசரோ அப்படி அமுக்கினால் டேப்பையே மூடிவிடும். சர்வர் மறைந்தது. மறுபடி பாஸ்வேர்டு, மறுபடி ஓடிபி, மறுபடி தப்பு, மறுபடி அதே பாழாய்ப்போன விரல்.

"வேர்த்து ஊத்துதே, ஃபேனப் போடவா?" என்றாள் வீட்டம்மா.

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அங்கிட்டுப் போ."

"புது சிஸ்டம்னீங்களே, ஸ்கூல் பசங்க படம் வரையுறதாய்யா அது?" மேலாளர் விடவில்லை. "இப்ப பில் வரல, இன்னையோட கான்ட்ராக்ட் கட். உங்கள மாதிரி ஆளுங்களையெல்லாம்..."

பதில் சொல்வதற்காக அவர் பக்கம் கிளிக் செய்து மியூட்டை எடுத்தேன். சொல்லப் பயந்து, குனிந்து மறுபடி டைப் அடித்தேன். கர்சர் இன்னும் அவர் பக்கமே நின்றதை யார் பார்த்தது? தப்பாக அடித்தது போலிருந்தது. விரல் தன் வேலையைச் செய்தது.

மேலாளரைக் காணோம்.

"அவரையா சாத்துனீங்க?" என்றாள் வீட்டம்மா.

"தெரியாம..."

"பின்னே? தெரிஞ்சு சாத்த ஒங்களுக்கு ஏது தைரியம்?"

கான்ட்ராக்ட் போச்சு என்றே நினைத்தேன். ஆனால் வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில், எழுத்தெழுத்தாகத் தொட்டு, சர்வருக்குள் போய்க் குப்பையை அழித்தேன். பில் ஓடத் தொடங்கியது. போன் அடித்தது, மேலாளர்தான்.

"ஏன் சார் கட் பண்ணீங்க?"

சார்! குரலும் இறங்கியிருந்தது. விரல் தவறிவிட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"கத்துனா எனக்கு வேல ஓடாது" என்றேன். நெற்றி வியர்வை போனில் தெரியாதே.

"கடைக்காரங்க என்னப் புடிச்சுக் கத்துறாங்க. நான் எங்க போய்க் கத்துறது?"

"அதுக்குத் தனியா ஒரு ஆள வைங்க சார். பில் வந்துருச்சு, பாருங்க."

கான்ட்ராக்ட் தப்பித்தது. எங்களுக்குள் அன்பு ஒன்றும் முளைக்கவில்லை. இப்போதெல்லாம் அவர் மெயிலில்தான் திட்டுகிறார், கம்பெனியில் இருக்கும் அத்தனை பேருக்கும் நகல் வைத்து. நானும் அத்தனை பேருக்கும் நகல் வைத்துத்தான் பதில் எழுதுகிறேன், "தங்கள் அன்பான மடல் கிடைத்தது" என்று தொடங்கி.