தொப்பி மட்டும் மிஞ்சிய முப்பத்தொரு காய்கள்

மொன்றியலில் எங்கள் வீட்டுப் பின்வளவில் மூன்று ஓக் மரங்கள் நிற்கின்றன. மூன்றும் குள்ளச் சாதி. பெரியதன் உச்சியை என் கணவர் எட்டித் தொட்டுவிடுவார். அவற்றை வளர்த்தது நான்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு. கொஞ்சம் கூடிப்போன பெருமை என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும்.

இரண்டாயிரத்துக்குப் பின் வந்த முதல் வருடங்களில் மொன்றியல்-நோர் பகுதியில் இந்த வீட்டை வாங்கினோம். அதற்கு முன் நெடுங்காலம் வாடகை அபார்ட்மெண்ட். சமையலறை யன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் செங்கல் சுவர் தெரியும். அதைவிட எனக்குப் பொறுக்காதது ஒன்று இருந்தது. இந்த ஊரில் ஒருவரும் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வருவதில்லை. என் சொந்தத் தங்கையே போன் எடுத்து, "சனிக்கிழமை வீட்டில நிப்பியே அக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவாள். கேட்காமல் வந்து, உரிமையோடு சாப்பிட்டுவிட்டுப் போக யாராவது வேண்டும் என்று மனம் ஏங்கியது. மனிதர் வராவிட்டால் போகட்டும், குருவியாவது வரட்டும் என்று நினைத்தேன்.

கணவருக்கு வேறு எண்ணம். அவர் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறவர். வெறும் நிலத்தைக் கண்டால் அவருக்கு அது வாகனம் நிறுத்துகிற இடமாகத்தான் தெரியும். பின்வளவு முழுவதற்கும் தார் போட்டு, வீட்டுக்குப் பின்னால் போகும் ஒழுங்கைப் பக்கமாகக் காரை உள்ளே விடவேண்டும் என்றார். மாசி மாதத்து விடியலில், தெருவில் நிற்கும் காரைப் பனிக்குள் இருந்து தோண்டி எடுத்தவர்களுக்கு அவர் பக்க நியாயம் விளங்கும். எனக்கும் விளங்கியது. ஆனால் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அப்போது நான் ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்தேன். முதலாளி ஊருக்கு வெளியே தோட்டம் வைத்திருந்த கியூபெக்காரர். ஒரு ஒக்டோபரில் காகிதப் பை நிறைய ஓக் கொட்டை கொண்டுவந்து தந்தார். சுண்டுவிரல் நுனியளவு கொட்டைகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தொப்பி. இது சின்ன மரம், மூன்று நாலு வருடத்தில் காய்க்கும், பறவைக்கும் அணிலுக்கும் இதைப்போல விருந்து கிடையாது என்றார். எப்படி நடுவதென்று சொல்ல வாயெடுத்தார். விதை போடுவதை யாழ்ப்பாணத்துக்காரிக்கு ஒரு ஆள் சொல்லித் தருவதா? தெரியும் தெரியும் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் ஆட்களுக்கு விதை என்றால் ஒரே முறைதான். வெயிலில் நன்றாகக் காயவிட்டு, சாம்பல் பூசி, பேணிக்குள் போட்டு மூடி வைப்போம். கத்தரி, பயற்றை, பாகல் எல்லாம் அப்படித்தான். நானும் கொட்டைகளைச் சுளகில் பரப்பிப் பின்படியில் வைத்தேன். மூன்றாம் நாள் பார்த்தால், முதுகில் கோடில்லாத சாம்பல் நிற அணில் ஒன்று சுளகின் நடுவில் குந்தியிருந்து, இரண்டு கையாலும் ஒரு கொட்டையைப் பிடித்து உருட்டிக்கொண்டிருந்தது. விளக்குமாற்றோடு ஓடினேன். கொட்டையோடு வேலியில் ஏறிவிட்டது. அணில் ஏறவிட்ட நாய் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அது அதற்குப் பிறகும் வந்து களவெடுத்தது. மிஞ்சியதற்குச் சாம்பல் பூசி, பால்மாப் பேணியில் அடைத்து, குளிர்காலம் முழுதும் அலுமாரியில் பத்திரமாக வைத்தேன்.

வைகாசியில் நட்டேன். ஆனி முடிந்தும் ஒன்றும் முளைக்கவில்லை. ஒன்றைத் தோண்டி எடுத்துக் காதருகே குலுக்கினேன். உள்ளே பருப்புச் சுருங்கி, கிலுகிலு என்று சத்தம் போட்டது. முதலாளியிடம் சொன்னபோது அவர் தலையில் கைவைத்தார். காய்ந்தால் இந்த விதை செத்துவிடுமாம். குளிர்காலம் முழுதும் ஈரமண்ணுக்குள் கிடக்கவேண்டுமாம்.

அந்தக் கிழமையே மிளகாய்ப் பாத்தியில் களை பிடுங்கும்போது கண்டேன். நான் நடாத இடத்தில் மூன்று ஓக் கன்றுகள் நின்றன. எங்கள் ஒழுங்கையில் வேறு ஓக் மரமே கிடையாது. அணில் களவெடுத்ததில் மூன்றைப் புதைத்துவிட்டு மறந்துபோயிருக்கிறது.

கணவர் படியில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இஞ்சேரும், அணிலுக்குத் தெரிஞ்ச கமம் உமக்குத் தெரியேல்லையே!"

"சிரியுங்கோ. காய்க்கேக்கை பாப்பம்."

"சரி, நாலாவது வருஷம் வரைக்கும் பாப்பன். முத்தின காய் ஒண்டைக் கொண்டுவந்து என்ர கையில வையும். வைக்காட்டி, அந்த ஒக்டோபரில தார் போடுறதுதான்."

ஓம் என்றேன். பந்தயத்தில் மூன்று கன்றையும் வைத்துவிட்டேன் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

கன்றுகளைச் சுற்றிக் கம்பிவலை கட்டினேன். பனிக்கு அடியால் எலி வந்து பட்டையைக் கொறிக்கும். அரிசி கழுவின தண்ணீர் எல்லாம் அவற்றுக்குத்தான். நாலாவது வருடம் அவை என் தோளுயரம் வந்தன. வசந்தத்தில் நூல்போலப் பூ தொங்கியது. ஆவணியில் இலைகளுக்கு இடையில் பச்சைப் பிஞ்சுகளை எண்ணினேன். மூன்றிலுமாக முப்பத்தொன்று. கணவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன்.

"உது பிஞ்சு," என்றார். "முத்தட்டும்."

தார்க்காரனுக்கும் சொல்லி வைத்துவிட்டார். அவருக்கு அப்போது ஹலிஃபக்ஸ் பக்கம் தூர ஓட்டம். காய் முத்தி, அவர் வந்து பார்க்கமுன் அணில் முடித்துவிடும் என்று எனக்குப் பயம் பிடித்தது. பழைய யன்னல் திரைச்சீலையைக் கிழித்துக் கிளை கிளையாகக் கட்டினேன்.

காய்கள் முத்தத் தொடங்கிய புரட்டாதியில் ஒருநாள் காலை, வேலைக்கு வெளிக்கிடும்போது, நீல நிறப் பறவை ஒன்று வந்து மரத்தில் இருந்தது. தலையில் கொண்டை, காகத்தின் சாதி. இங்கே அதை ப்ளூ ஜே என்பார்கள். துணிக்கு மேலால் ஒரு காயைக் கொத்தியது. பிறகு தலையைச் சரித்து யன்னலுக்குள் நின்ற என்னைப் பார்த்தது. வா வா என்று நாலு வருடம் காத்திருந்துவிட்டு, வந்தவர் முன்னால் சோற்றுப் பானையைக் கட்டி வைத்திருக்கிறேனே! சப்பாத்தும் போடாமல் ஓடிப்போய்த் துணி முழுவதையும் அவிழ்த்தேன். ஒன்றையாவது மாலையில் பறித்து வைப்போம் என்று எண்ணிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

மாலையில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. கிளையிலும் நிலத்திலும் தொப்பிகள் மட்டும் கிடந்தன. பொறுக்கிச் சுளகில் போட்டேன். முப்பத்தொன்று. தோற்றுவிட்டேன் என்று தெரிந்தது. ஆனாலும் முகத்திலிருந்து சிரிப்புப் போகவில்லை.

மறுநாள் கணவர் வந்தார். அவர் கையில் தொப்பிகளைக் கொட்டினேன்.

"காய் எங்கை?"

"சாப்பிட்டிட்டினம்."

"ஆர்?"

"வந்தவை. எச்சில் இலை கிடந்தால் பந்தி நடந்ததெண்டுதானே கருத்து?"

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஒரு தொப்பியைச் சுண்டுவிரலில் போட்டுப் பார்த்தார். சப்பாத்தையும் கழற்றாமல் பின்வளவுக்குப் போய், மூன்று மரத்தையும் சுற்றிப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து, "தார்க்காரன் குளிர் துவங்கீட்டுது எண்டுறான். இனி அடுத்த வருஷம்தான்," என்றார். அந்தக் கிழமை முழுதும் அதே தார்க்காரனின் லொறி எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டுக்குத் தார் போட்டது. அவர் காரை இன்றைக்கும் தெருவிலிருந்துதான் தோண்டி எடுக்கிறார்.

அடுத்த ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலால் வந்து உடுப்பு மாற்றமுன் கதவு தட்டப்பட்டது. ஒழுங்கைக்கு அந்தப் பக்கத்து ஹெய்ட்டிக்காரர். இத்தனை வருடமும் "போன்ஜூர்" தவிர ஒரு சொல் கதைத்ததில்லை. கையில் தயிர் டப்பா, அதற்குள் ஒரு கன்று. தன் தக்காளிப் பாத்தியில் தானாக முளைத்ததாம். எங்கள் வளவில் இதே இலையைக் கண்டாராம். இது என்ன மரம் என்று கேட்டார்.

நான் வாய்திறக்க முதல் கணவர் முன்னால் வந்தார். தன் உடைந்த பிரெஞ்சில், நெஞ்சில் கைவைத்து, "இது எங்கட மரத்தின்ர பிள்ளை" என்றார். நான் சொன்ன அந்த நீலப் பறவைதான் கொண்டுவந்து நட்டிருக்கும் என்று கையால் பறந்தும் காட்டினார். பிறகு கதவை அகலத் திறந்து அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? தேத்தண்ணி வையுமன்!"

கேத்தல் நிறையத் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தேன். போன் எடுக்காமல் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் மனிதர் அவர்தான்.